கரண்ட் போன அன்று மேனேஜர் அறையில் பிழைத்தவை

ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கம்பெனியில் பதப்படுத்தும் ஒவ்வொரு லாட் தோலும் எங்கிருந்து வந்தது, எந்த டிரம்மில் ஊறியது, எந்தச் சாயம் ஏறியது என்பதெல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருந்தது. அந்த டேட்டாபேஸ் ஓடிய சர்வர் மேனேஜர் அறையில் இருந்தது, ஏசி அங்கேதான் என்பதால்.

மேனேஜர் ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்தார். கரண்ட் போனால் மீனுக்குக் காற்று நின்றுவிடுமே என்று யுபிஎஸ்ஸில் இருந்த சர்வரின் வயரைப் பிடுங்கிச் சுவரில் சொருகிவிட்டு, அந்த இடத்தைக் காற்றுக்குழாய் மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. கரண்ட் திரும்பியபோது மீன்கள் எல்லாம் சௌக்கியம். டேட்டாபேஸ் திறக்கவில்லை.

நான் அறைக்கு ஓடுவதற்குள் மேனேஜர் சர்வரை நான்கு முறை அணைத்துப் போட்டிருந்தார்.

"ரீஸ்டார்ட் பண்ணா சரியாப்பூடும்மா. என் வீட்டு டிவிகூட அப்படித்தான்."

"சார், இனிமே கை வெக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் இன்னும் கெட்டுப்போகும்."

முதல் வேலையாக, கெட்டுப்போன கோப்புகளை அப்படியே வேறொரு டிஸ்கில் நகல் எடுத்தேன். எது செய்தாலும் நகலில்தான் செய்வது. அதற்குப் பிறகு தெம்பாக பேக்கப்பைத் திறந்தேன். தினமும் காலையில் 'பேக்கப் வெற்றி' என்று எனக்கு மெயில் வரும். அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அந்த வெற்றிகளைத் திறந்து பார்த்தால், எட்டு மாதமாக டிஸ்கில் இடமே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வெற்றுக் கோப்பு உருவாகியிருக்கிறது. கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் வெற்றி முழக்கமிட்ட அந்த நிரலை எழுதிய அறிவாளி நான்தான். மேனேஜரைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளில் பாதியை எனக்கே செலவழித்தேன்.

சென்னையிலிருந்து ஒரு நிபுணர் போனில் வந்தார். "எட்டு மாசத்துக்கு முந்தினது இருக்குல்ல, அதை ஏத்திடுங்க மேடம்" என்றார். எட்டு மாதத் தோலை என்ன செய்வது, திரும்ப மாட்டுக்கே போர்த்திவிடுவதா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆய்வாளர் வருகிறார். ஏதாவது ஒரு லாட்டைக் காட்டி அதன் பூர்வீகம் கேட்பார்.

சிதைந்த டேட்டாபேஸை, படிக்க மட்டும் என்ற நிலையில் எப்படியோ எழுப்பி, ஒவ்வொரு டேபிளாக வெளியே எடுத்தேன். சப்ளையர் டேபிள் வந்தது, சாய டேபிள் வந்தது. எல்லாவற்றுக்கும் தாயான லாட் டேபிள் பாதியில் நின்றது. கெட்ட இடத்தைத் தாண்டி, லாட் எண்ணை வைத்து முன்னும் பின்னும் படித்தேன். நடுவில் இருநூறுக்கு மேல் லாட்டுகள் காணோம். அவற்றின் சாய விவரம் மட்டும், யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் நின்றது.

செவ்வாய் மதியம் சாப்பாட்டின்போது, தோல் தரம் பிரிக்கும் பிரிவின் சூப்பர்வைசர் அக்காவிடம் புலம்பினேன். அவர் பிரியாணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"லாட் கார்டு போட்டோதான் டெய்லி குரூப்ல போட்றேனே, நீ பாக்கறதே இல்லியா?"

"எந்த குரூப்பு?"

"இன்னா கேள்வி இது? நம்ம கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புதான். ப்ரூஃப் வேணும்னு மேனேஜர் சார்தான் போடச் சொன்னாரு."

ரோஜாப்பூவும் காலை வணக்கமும் ஜாஸ்தி என்று அந்தக் குரூப்பை நான் எப்போதோ மியூட் செய்திருந்தேன். போடச் சொன்னவரும் மியூட் செய்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. திறந்து பார்த்தேன். ரோஜாக்களுக்கு நடுவே, ஒவ்வொரு லாட்டோடும் கட்டி அனுப்பும் கார்டு, தேதியோடு, சப்ளையர் பெயரோடு இருந்தது.

அன்று மதியமும் மறுநாள் முழுக்கவும் அக்கா படிக்க நான் ஏற்றினேன். ஏழு படங்கள் மங்கல். அவற்றுக்கு இருவரும் கிடங்குக்குப் போய், தோல் ஓரத்தில் குத்தியிருந்த எண்ணையும் அங்கே கட்டியிருந்த கார்டையும் பார்த்து எழுதினோம். புதிய டேட்டாபேஸில் எல்லாவற்றையும் ஏற்றி, ஒவ்வொரு சாயமும் தன் லாட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஆய்வாளர் வந்தார். இரண்டே இரண்டு லாட் கேட்டார், தலையாட்டினார், போனார். முதலாளி பாய் மேனேஜருக்குக் கை கொடுத்தார். "டீம் வொர்க் சார்" என்றார் மேனேஜர் அடக்கமாக.

வெள்ளிக்கிழமை மேனேஜரிடமிருந்து ஒரு சர்க்குலர் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடமே வந்தது: தகவல் பாதுகாப்பு கருதி, தரம் பிரிக்கும் பிரிவில் செல்போன் தடை.

அதை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். "பாய், அந்த அக்காவோட போன் இல்லன்னா நேத்து ஆய்வாளருக்குக் காட்ட நம்மகிட்ட ஒண்ணுமே இருந்திருக்காது" என்று, மீன்தொட்டி முதல் என் வெற்றுக் கோப்பு வரை எல்லாம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரிம்மா. அவங்களுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்துடு."

சர்க்குலர் போனது. அக்காவுக்கு மட்டும் 'செல்போன் வைத்திருக்க அனுமதி' என்று லேமினேட் செய்த அட்டை வந்தது, கழுத்தில் மாட்ட நாடாவோடு. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல என் பேருல ஒரு எழுத்து கம்மியா இருக்கே?"

டைப் அடித்தவள் நான்தான் என்று சொன்னேன்.