சபை தள்ளிவைத்த புத்தகம்

எனக்குப் புதுநன்மை, அதாவது கோவிலில் முதல்முதலாக நற்கருணை, கொடுக்க நாள் குறித்திருந்த வருஷத்தில், எங்கள் வீட்டில் நரகத்துக்குப் போகக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அது அண்ணன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சென்னையில் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய கல்லூரியில் விலங்கியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஈஸ்டர் என்கிற பாஸ்கு விடுமுறைக்குத் திண்டிவனம் வந்தபோது பெட்டிக்குள் ஒரு தடிமனான புத்தகம் வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன்.

"தொடாத. சபை தள்ளிவச்ச புஸ்தகம் இது. படிச்சா பாவம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்குத் தத்துவம் நடத்திய சாமியார், தவளையை அறுத்துப் பார்க்கிறவன் உயிர் என்றால் என்ன என்றும் கேட்டாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவராம். உயிர்களெல்லாம் யார் கையும் படாமல் தாமாகவே மாறி மாறி வந்தவை என்று வாதாடும் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, படித்துப் பதில் எழுதிக்கொண்டு வா என்றிருக்கிறார். எதிராளி சொல்வதை முழுசாகக் கேட்காமல் மறுப்பது கோழைத்தனமாம். அதற்காக ஆயரான மேற்றிராணியாரிடம் உத்தரவுச் சீட்டும் வாங்கித் தந்திருந்தார். சீட்டு புத்தகத்துக்குள்ளேயே இருந்தது, லத்தீனில். எட்டு வயதில் எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி அம்மாள் சொல்லிக்கொடுத்தது மட்டும் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் நின்றது. சாவான பாவத்தோடு செத்தால் நரகம். அந்தப் பாவத்தோடு நன்மை வாங்கினால் அதைவிட மோசம். பாஸ்கு ஞாயிறன்று என் புதுநன்மைக்கு அண்ணனும் பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்குவார். அவரோ வந்த நாளிலிருந்து அந்தப் புத்தகமும் கையுமாக இருந்தார். அம்மா இரண்டு தரம் கூப்பிட்டாலும் காதில் விழாது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். பேய் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, கையால் தொட்டால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று அடுப்படிக் கரித்துணியால் புத்தகத்தைப் பிடித்து எடுத்தேன். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். கூடத்தில் வாய் தைக்காமல் நின்ற ஒரு மூட்டைக்குள் அதை அமுக்கிவிட்டேன்.

அண்ணன் என்னைக் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அவரைக் காப்பாற்றப் போய்த் திருட்டு ஒன்று, பொய் ஒன்று என்று என் கணக்கில் இரண்டு பாவம் ஏறிக்கொண்டன. அவர் பெரிதாகத் தேடவும் இல்லை. அம்மாவுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார், பாட்டு முணுமுணுத்தார். பேய் இறங்கிவிட்டதென்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை காலை என் முதல் பாவசங்கீர்த்தனம். எங்கள் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். முழங்காலிட்டு என் பாவங்களையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மகளே. கொடுத்தால்தான் மன்னிப்பு."

"அது கெட்ட புஸ்தகங்க, சாமி."

"உன்னுடையதா?"

"இல்லீங்க."

"அப்படியானால் கொடு."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? கொடுத்தால் அண்ணனுக்கு நரகம், கொடுக்காவிட்டால் எனக்கு. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் வண்டி நின்றது. மூட்டைகள் விழுப்புரம் மண்டிக்குப் போக ஏறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் தைத்துவிட்டிருந்தார்கள், எது என் மூட்டை என்று எனக்கே தெரியவில்லை. "ஜல்தியா ஏத்துப்பா" என்று அப்பா வண்டிக்காரரை விரட்டிக்கொண்டிருந்தார்.

நான் மாட்டுக்கு முன்னால் போய் நின்றேன். "மூட்டைக்குள்ள அண்ணன் புஸ்தகம் இருக்குது."

மூன்று மூட்டைகளைப் பிரித்துக் கொட்டியும் கிடைக்கவில்லை. தெருவெல்லாம் மல்லாட்டை. அப்பா கையை ஓங்கினார். அண்ணன் குறுக்கே வந்து என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். நான்காவது மூட்டையில் புத்தகம் செம்மண் பூசிக்கொண்டு வெளியே வந்தது.

ஏன் எடுத்தாய் என்று அண்ணன் கேட்டார்.

"நீ நரகத்துக்குப் போயிடுவ."

இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை. சீட்டை எடுத்துக் காட்டி, மேற்றிராணியாரே படிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். எனக்கு உயிர் வந்தது. பெரியவரே உத்தரவு கொடுத்துவிட்டார், இனி என்ன பயம்? ஆனால் அண்ணன் புத்தகத்தைத் திறக்கவில்லை. மண்ணைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு கூடத்துச் சுவரோரம் போய் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து ஒக்காரு. நான் படிச்சி முடிக்கிற வரைக்கும் எழுந்து போவாத."

வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு பக்கம் படிப்பார், நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, சிலுவை அடையாளம் போட்டு, என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு மேலே படித்தார். திருடியதற்கு அதுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.