பலூன் கொட்டகையில் மூன்று பேர்

வானத்துக்குப் பலூன் விடுகிற தொழிலில், விடுவது ஒரு நிமிட வேலை, விழுந்ததைத் தேடுவதுதான் உத்தியோகம். காற்றோடும் மேலதிகாரியோடும் ஒரே நாளில் மல்லுக்கட்டியவர்கள் இதைப் படித்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

முப்பதுகளின் விலைமந்தக் காலம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வானிலை பார்க்கும் துரை ஒருவர் அதைப் போட்டிருந்தார். மேலே எவ்வளவு உயரத்தில் எவ்வளவு குளிர் என்று அறிய, ரப்பர் பலூனில் ஒரு கருவிப் பெட்டியைக் கட்டி விடுவார்கள். பலூன் சீமையிலிருந்து கப்பலில் வரும். வந்து சேருவதற்குள் வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஏற்றினால் பாதி வழியில் வெடிக்கும். இந்த ஊர் ரப்பர்தானே அங்கே போய்ப் பலூனாகி வருகிறது, இங்கேயே செய்தால் என்ன என்று துரைக்குத் தோன்றியது. செய்து பார்க்க மேலிடத்தில் ஓராண்டு தவணை வாங்கினார்.

பலூன் செய்ய நான். வாயு நிரப்ப முனியாண்டி. தொலைநோக்கியில் பார்த்துக் கணக்கெழுத யாழ்ப்பாணத்துக் கிராணியார். குமாஸ்தாவை இங்கே கிராணி என்போம். எங்கள் பலூன் சீமைப் பலூனைவிட மேலே போனால் கொட்டகை இருக்கும். போகாவிட்டால் பூட்டு. ரப்பர்த் தோட்டங்களில் ஆள் குறைத்து, குடும்பம் குடும்பமாகத் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பூட்டு விழுந்தால் நாங்களும் அந்தக் கப்பலில்தான்.

மடியில் ஒரு பானை

பானை போல ஒரு மண் அச்சு. அதை ரப்பர் பாலில் முக்கி எடுத்துக் காயவைத்து, மறுபடி முக்க வேண்டும். சும்மா தொங்கவிட்டால் பால் அடியில் இறங்கித் தடித்துவிடும், மேல்பக்கம் மெலியும். மெலிந்த இடத்தில்தான் வெடிக்கும். ஆகவே காயும்வரை அச்சை மடியில் வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருப்பேன். வேகமாகத் திருப்பினால் அலை விழும், நிறுத்தினால் வடு விழும். எத்தனை சுற்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பதால் யாரோடும் பேசுவதில்லை. அது என் கூச்சத்துக்கும் வசதியாக இருந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். நான் எண்ணிக்கை தவறிவிடுமே என்று தலையை நிமிர்த்தவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம மூணு பிள்ளையில ஒண்ணையாவது இப்படி மடியில வச்சிருந்திருக்கீங்களா?"

கன்னத்தால் சோதனை

ஊசி முனையளவு ஓட்டையைக் கண்ணால் பிடிக்க முடியாது. பெரிய பலூனைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கவோ எங்களிடம் அவ்வளவு பெரிய தொட்டி இல்லை. காற்றை நிரப்பி, கன்னத்தை அதன் மேல் ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். காற்று கசிகிற இடத்தில் கன்னம் குளிரும். ரப்பர் ஒட்டாமல் இருக்க வெள்ளைப் பொடி தூவியிருப்போம். சோதனை முடியும்போது அந்தப் பொடி முழுவதும் எங்கள் முகத்தில் இருக்கும். கிராணியாரும் தப்பவில்லை. வழவழவென்று சவரம் செய்த கன்னம் வேண்டுமென்று துரையே அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

முகம் கழுவ ரயில்வே குழாயை நம்பியிருந்தோம். ஒரு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. மூன்று பேரும் வெள்ளை முகத்தோடு தேநீர்க் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டே மரியாதையாக விசாரித்தார்:

"கூத்து இன்னைக்கு எந்தத் தோட்டத்துல, அண்ணே?"

அசையாத பலூன்

பகலில் மேகம், பின்னேரத்தில் மழை. அதனால் விடியும் முன்பே விடுவோம். அப்போதெல்லாம் பெட்டி கட்டாத சின்ன பலூன்கள்தான், அடியில் ஒரு காகித விளக்கு. கிராணியார் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் எடுக்கமாட்டார். ஒரு கணம் தவறவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பலூன் வெடிக்கவில்லை, பக்கவாட்டில் ஓடவில்லை, மேலே காற்றே இல்லை போலும் என்று சொல்லிச் சொல்லி எழுதினார். நன்றாக விடிந்தும் எழுதினார். எனக்கும் நெஞ்சில் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. அந்த நேரத்தில் ஆற்றோரம் போயிருந்த முனியாண்டி, மரத்தில் தொங்கியதாகச் சொல்லி ஒரு ரப்பர் கிழிசலைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தான். எங்கள் பலூன்தான். காகித விளக்குகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

கிராணியார் கிழிசலைப் பார்த்தார். தொலைநோக்கியில் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"இவ்வளவு நேரமும் நான் விடிவெள்ளிக்கெல்லோ கணக்கெழுதிக்கொண்டிருந்தனான்."

புளியும் சாம்பலும்

தவணை முடிய ஒரு மாதம் இருக்கையில் நல்ல பலூன் தோல் இரண்டு தேறின. அவற்றில் முதல்தரமானதைத் துரை முன்னிலையில், பெட்டி கட்டி விட்டோம். பெட்டிக்குள் ஒரு சின்ன பித்தளைத் தகடு. அதில் விளக்குக் கரி பிடிக்க வைத்திருப்போம். உயரம் போகப் போக ஓர் ஊசி அந்தக் கரியில் கீறிக்கொண்டே போகும். அந்தக் கீறல்தான் கணக்கு. பலூன் வெடித்ததும் பெட்டி ஒரு துணிக் குடையில் இறங்கும். கண்டெடுத்தவர் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைக்கவும் என்று நாலு பாஷையில் சீட்டு கட்டியிருக்கும்.

அந்தப் பலூன் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. எந்தச் சீமைப் பலூனும் வெடித்திருக்க வேண்டிய நேரம் கடந்தும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மேகத்துக்குள் நுழைந்தது. துரை முதல்முறையாக என் தோளைத் தட்டினார். எவ்வளவு உயரம் என்பதை இனிப் பெட்டி சொன்னால்தான் உண்டு.

இரண்டு வாரம் கழித்து, கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டும், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும், அஞ்சலை என்ற பெண், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வந்தாள். பெட்டியை வெள்ளைத் துணியில் கட்டி இடுப்பில் வைத்திருந்தாள். துரை ஆசையோடு திறந்தார். தகடு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மின்னியது. கரியும் இல்லை, கீறலும் இல்லை. ஊசி இருந்த இடத்தில் ஒரு பிடி பச்சரிசியும் ஒரு வெல்லக்கட்டியும் இருந்தன.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கச் சொன்னார் துரை. கிராணியார் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் கேட்டேன். அவள் எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ குறை வைத்துவிட்டோமோ என்று குழம்பினாள்.

"அடுத்த வீட்டுச் சாமானைக் கரியோடயும் வெறுசாவும் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க."

மீதி இருந்த ஒன்று

கிராணியார் சீட்டை மாற்றி எழுதினார்: கழுவாதீர், துடைக்காதீர், உள்ளே எதுவும் வைக்காதீர். இரண்டாம்தரமான தோலை விட்டோம். அது எல்லோர் கண்ணெதிரிலேயே வெடித்தது. பெட்டியைக் காஜாங் பக்கத்து ஈயச் சுரங்கத்திலிருந்து ஒரு சீனர் கரி கலையாமல் கொண்டுவந்தார். சீமைப் பலூனைவிடக் கொஞ்சம் மேலே போயிருந்தது. கொஞ்சம்தான். முதல் தகட்டுக் கீறல் கையில் இருந்திருந்தால் மூன்று பேருக்கும் வேலை கேட்டு எழுதியிருப்பேன், இதை வைத்து இரண்டு பேருக்குத்தான் கேட்க முடியும் என்றார் துரை. கடைசியில் சேர்ந்தவன் முனியாண்டி. வாயு நிரப்புவதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று.

கிள்ளான் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போனேன். அவன் மனைவி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் தகரப் பெட்டியுமாக வரிசையில் நின்றாள். அஞ்சலையைப் பற்றி நான் ஏதோ கசப்பாகச் சொல்லப்போனேன். அவன் விடவில்லை. அந்தப் பெட்டி தன் வீட்டில் அகப்பட்டிருந்தாலும் தேய்த்துத்தான் கொடுத்திருப்பார்களாம்.  முனியாண்டி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கப்பலைக் காட்டினான்.

"இது தண்ணி மேலதான் போகும் அண்ணே, எம்புட்டு உசரம்னு ஒருத்தரும் கேட்கமாட்டாங்க."

பிறகும் பல வருஷம் அந்தக் கொட்டகையில் உழைத்துச் சலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் தொழிலில் மிக உயரப் போனதற்குச் சாட்சி கிடையாது, சாட்சி உள்ளதெல்லாம் நடுத்தரம்தான்.