பின்சீட்டுப் பரீட்சை

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். இருபத்திரண்டு வருடங்களில், நான்கு மோட்டார் சைக்கிள்களில் அவள் ஓட்டித் தீர்த்த தூரம் இது. மீட்டர்களையெல்லாம் கூட்டிச் சொன்னது அக்கா மகள். பூமியை ஏறக்குறைய எட்டுத் தடவை சுற்றியிருக்கலாம் என்றும் அவளே கணக்குப் போட்டாள். ஆனால் அதில் ஒரு கிலோமீட்டர்கூட நகர எல்லைப் பலகைக்கு அப்பால் இல்லை.

மூன்று மருத்துவமனைகள், ஆறு பரிசோதனைக் கூடங்கள், நடுவில் ஓடும் ஒரு வண்டி. அந்த வண்டியின் பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் தட்டு, தட்டின் மேல் குளிர்பெட்டி, பெட்டிக்குள் பெயர் ஒட்டிய ரத்தக் குழாய்கள். வரவேற்பு மேசையிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோரும் அவளை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும் என்பதால், வேகத்தடை மேல் அவள் வண்டி பூனை மாதிரி ஏறி இறங்கும். இத்தனை வருடத்தில் ஒரு குழாய் உடைந்ததில்லை, ஒரு ரத்த மாதிரிகூடக் கெட்டுத் திரும்பியதில்லை.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஒரு வினோதமான சிக்கல் வந்தது. விடுப்பு சேர்ந்துபோய்விட்டது. பத்து நாளை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்று அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. தேதியையும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். பத்து நாள் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்று அக்கா வீட்டு மாடியில், தன் ஒற்றை அறையில், அவள் விழித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் ஒரு வரைபடத்தோடு மாடியேறி வந்தாள்.

பெண்ணுக்குப் பதினைந்து வயது. வீட்டில் அவள் பெயர் நெட்டை. சித்தியைவிட ஒன்றரைச் சாண் உயரம். நாட்டின் மறுகோடியில், பாறை முனையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. பள்ளியில் எல்லோரையும் அங்கே கூட்டிப்போன வாரம் இவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். திரும்பி வந்தவர்கள் ஒரு வருடமாக அதையே பேசிப் பேசி இவள் காதில் ரத்தம் வரவைத்துவிட்டார்கள். போக ஆயிரத்து நூறு கிலோமீட்டர், வர ஆயிரத்து நூறு. அடுத்த வருடம் இறுதி வகுப்பு, மூச்சுவிட நேரமிருக்காது.

"உங்க லீவும் என் லீவும் ஒண்ணா வருது சித்தி. இது இனிமே நடக்கவே நடக்காது."

சித்தி ஒரு நிமிடம் வரைபடத்தைப் பார்த்தாள். மறு நிமிடம் ஸ்பேனரைத் தேடினாள்.

இரும்புத் தட்டைக் கழற்றினால் அடியில் பின்சீட்டு, கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது. வண்டி வாங்கி ஆறு வருடம் ஆகியும் ஒருவர்கூட அதில் உட்காரவில்லை. பின்சக்கர ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கினார்கள். பின்னால் ஆள் ஏறினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும் என்பதால், பெண்ணை உட்காரவைத்துச் சுவரில் வெளிச்சம் அடித்துத் தாழ்த்தினார்கள். செயின் புதிது, பிரேக் கட்டைகள் புதிது. பக்கத்துக்கு ஒரு பை, ஒவ்வொன்றும் ஒன்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நெட்டை ஏழு புத்தகங்களைக் கொண்டுவந்தாள். ஆறைத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றோடு வந்தாள்.

எல்லாம் சரி. பெண்ணின் அம்மா சம்மதிக்க வேண்டும். அங்கேதான் இடித்தது.

அக்கா ஓட்டுநர் உரிமத் தேர்வாளர். பத்தொன்பது வருடமாகக் கையில் அட்டையும் பேனாவுமாகத் திடலின் ஓரத்தில் நின்று, எட்டு போடுகிறவர்களின் கால் தரையில் படுகிறதா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அவள் தலையைக் கண்டதுமே முரட்டு ஆட்களுக்கும் கிளட்ச் பிடித்த கை உதறும். சொந்த மாமனாரையே இரண்டு தடவை பெயில் ஆக்கியவள். தங்கை என்பதற்காக இளகிவிடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் நெடுஞ்சாலையில் கூட்டிக்கொண்டு போய்விட்டு வா, அப்புறம் பேசலாம் என்றாள்.

சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். ஐஸ்பெட்டி வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லைப் பலகையைக் கடந்தாள். சாலை நாடா விரித்ததுபோல் கிடந்தது. சிக்னல் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, "எங்கே இருக்கீங்க" என்று கேட்கும் போன் இல்லை. அவளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் போனாள், திருப்பினாள், தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் வந்தாள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திடீர் பிரேக் இல்லை. தானே தன் முதுகில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. நெட்டை இறங்கினாள். இறங்கியவள் அப்படியே மடிந்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதாகவே தெரியவில்லை அவளுக்கு. உதடு வெடித்திருந்தது. மூன்றே முக்கால் மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தது சரியாக அந்த நேரத்தில்தான்.

"எங்கெங்க நிறுத்தின?"

ஐஸ்பெட்டி யோசித்தாள். எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. பெட்டிக்குக் கால் மரக்காது, தாகம் எடுக்காது. பெட்டிக்குள் நான்கு டிகிரி இருந்தால் போதும், உலகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

"நீ பொருள் கொண்டுபோற ஆளுடி," என்றாள் அக்கா. குரலை உயர்த்தக்கூட இல்லை. "ஆள் கொண்டுபோற ஆள் இல்ல. பெயில்."

மகளிடம் திரும்பி, வாய் எங்கே போச்சு, சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டாள். சொன்னால் பயணமே போய்விடும் என்று பயந்ததாக நெட்டை தெருவில் உட்கார்ந்தபடியே முணுமுணுத்தாள். அந்தப் பதில்தான் அக்காவை அதிகம் கலக்கியது.

ஆனால் அவள் சட்டப்படி நடப்பவள். தேர்வில் தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்பது அலுவலக விதி. வீட்டுக்கும் அதுதான் விதி என்றாள். ஏழாம் நாள் சனிக்கிழமை. விடுப்பு தொடங்குவது திங்கட்கிழமை. ஒரே வாய்ப்பு. தவறினால் வரைபடத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடலாம்.

ஐஸ்பெட்டி ஒரு இரவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஏற்றினாள். பரிசோதனைக் கூடத்தில் குழாய்களை எண்ணி வாங்கும் பெண் வழிநெடுக மாமியாரைப் பற்றிப் பேசினாள், வளைவு வந்தால் மட்டும் பேச்சை நிறுத்தினாள். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தது. நூற்றிரண்டு கிலோ எடையுள்ள சமையற்காரர், பிரேக் போட்டால் முன்னால் சரிந்து அவள் முதுகில் கதவு மாதிரி சாய்ந்தார். அதனால் பிரேக்கை இரண்டு பாகமாகப் பிடிக்கப் பழகினாள்.

வாசல் காவலாளிதான் பெரிய ஆசான். அவர் பிறவி ஊமை மாதிரி, கேட்டால்தான் பேசுவார், சில சமயம் கேட்டாலும் பேசமாட்டார். மூன்று மாலை அவரை வீடு வரை கொண்டுபோய் விட்டாள். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் நாள், பின்னால் அவருடைய முழங்கால்கள் தன் இடுப்பை இறுக்கியது தெரிந்தது. அப்போது ஒரு லாரி உரசிக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் எடை இடதிலிருந்து வலதுக்கும் வலதிலிருந்து இடதுக்கும் மாறியதைக் கவனித்து வண்டியை நிறுத்தினாள். காவலாளி இறங்கி, காலை உதறிக்கொண்டு, இடுப்பில் பழைய வலி ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டார். அதுதான் அவர் அவளிடம் பேசிய நீளமான வாக்கியம்.

நெட்டையும் சும்மா இருக்கவில்லை. தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, இரண்டு தட்டினால் நிறுத்து என்று வழக்கம் ஏற்படுத்தினாள். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம் வீதம் போகும் வழி முழுவதையும் பிரித்து எழுதினாள். அம்மாவின் கண்ணில் படட்டும் என்று அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டினாள். அம்மா அதில் ஒரு கூட்டல் பிழையை மட்டும் சிவப்பில் வட்டமிட்டுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை தேர்வுத் திடல் காலியாக இருந்தது. முழுச் சுமையோடும் நெட்டையோடும் ஐஸ்பெட்டி எட்டு போட்டாள், கால் தரையில் படவில்லை. பிறகு வண்டியைப் படுக்கவைத்துத் தனியாகத் தூக்கச் சொன்னாள் அக்கா. ஐந்தடி ஆள் இவ்வளவு பெரிய வண்டியைத் தூக்குவாளா என்று பார்ப்பதற்கு. ஐஸ்பெட்டி சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹேண்டிலையும் பின்கம்பியையும் பற்றிக்கொண்டு, பின்னோக்கி நாலு எட்டு நடந்தாள். வண்டி எழுந்து நின்றது.

அட்டையில் இரண்டு சரி விழுந்தது. நெட்டை வண்டியில் ஏறப் போனாள். அக்கா தடுத்தாள். மகள் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டையையும் பேனாவையும் மகள் கையில் திணித்தாள்.

"இப்ப நான் உக்காரறேன். பேச மாட்டேன். தட்டவும் மாட்டேன்."

"அப்புறம் எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"இவளுக்கு வலிச்சாலும் சொல்ல மாட்டா. அது உனக்குத் தெரிஞ்சாகணும். அவ்வளவுதான் பரீட்சை."

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை மோட்டார் சைக்கிளில் சோதித்தவள், ஒருவர் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. ஏறும்போதே ஐஸ்பெட்டிக்கு அது தெரிந்துவிட்டது. அக்காவின் கைகள் பிடிகம்பியைப் பிடித்த பிடியில் வண்டியே விறைத்தது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் முன்னால் ஒரு லாரி. முந்துவதற்காக வெளியே எடுத்தாள். முழங்கால்கள் இறுகின. அவள் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி உள்ளே திரும்பி, லாரியைத் தன் பாட்டுக்குப் போகவிட்டாள். இறுக்கம் தளர்ந்தது. வளைவு வந்தது. அக்கா எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். அடுத்த வளைவுக்கு ஐஸ்பெட்டி முன்கூட்டியே வேகம் குறைத்து, சாய்வே தெரியாமல் திருப்பினாள். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் பின்னால் எடை இடமும் வலமும் மாறத் தொடங்கியது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினாள். அக்கா இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் தொடையைத் தேய்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டியதும் வாங்கிப் பாதியைக் குடித்தாள்.

திரும்பும் வழியில் வெயில் முதுகுப் பக்கம் வந்தது. காற்று இதமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் எடை மாறவில்லை, முழங்கால் இறுகவில்லை. வளைவில் அக்கா அவளோடு சேர்ந்தே சாய்ந்தாள். நன்றாகத்தான் போகிறது என்று ஐஸ்பெட்டி நினைத்தபோது ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் லேசாக முட்டியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி முட்டியது. பின்னால் இருந்த உடம்பு தளர்ந்து கனத்தது.

அவள் இடதுகையால் அக்காவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல வேகம் குறைத்து, ஓர் அடைத்த கடையின் நிழலில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தின?" அக்காவின் குரல் கரகரத்தது.

"தூங்கிட்ட."

"யாரு? நானா?"

"ரெண்டு தடவ முட்டின."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். கன்னத்தில் பட்டையாகத் தடம் விழுந்திருந்தது. கண் சிவந்திருந்தது. முகத்தைக் கழுவி, பத்து நிமிடம் அங்குமிங்கும் நடந்துவிட்டுத்தான் மறுபடி ஏறினாள். மீதித் தூரம் கம்பியைப் பிடிக்கவில்லை, தங்கையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

திடலில் நெட்டை அட்டையோடு அம்மா மாதிரியே விறைப்பாக நின்றிருந்தாள். நடந்ததைச் சித்தி சொன்னாள். அதில் தவறு எதுவும் இல்லை என்று தேர்வாளரான அக்காவும் ஒப்புக்கொண்டாள். நெட்டை பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"பயந்தவங்க யாராவது வண்டியில தூங்குவாங்களாம்மா?"

அக்கா மகளின் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினாள். எழுதும்போது இருவரும் எட்டிப் பார்த்தார்கள், முழங்கையால் மறைத்தாள். எழுதி முடித்துத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று திடலைக் கடந்து விறுவிறுவென்று நடந்தாள். அட்டையில் தேர்ச்சி என்று இருந்தது. கீழே, சிறிய எழுத்தில்: பயணி கூச்சப்படுகிறவள், கேட்டுக் கேட்டு நிறுத்தவும்.

நெட்டை சித்தியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். அவள் உயரத்துக்கு அது பெரிய காரியமில்லை. ஐந்தடி ஐஸ்பெட்டி கால் தொங்க, அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, காலித் திடல் அதிரச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு இருவரும் கிளம்புகிறார்கள். முதல் நாள் இருநூற்று நாற்பது கிலோமீட்டர், ஐந்து நிறுத்தங்கள். மருத்துவமனைச் சுற்றைப் பத்து நாளைக்கு வேறொருவர் ஓட்டுவார்.