ஹத்தா வாதியோரம், வலது கைப் பக்கமாக

“அக்கா, ஜூன்ல இன் நதியோரமா சைக்கிள்ல போறோம். முதல் நாள் பதினெட்டு கிலோமீட்டர்தான். பாதை முழுக்கச் சமதளம். நீயும் மாமாவும் வர்றீங்களான்னு சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிடு. ரூம் போடணும்.”

ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை, ஜெர்மனியிலிருந்து என் மைத்துனி மைதிலி தன் அக்காவுக்கு, அதாவது என் மனைவி சுமதிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. இன் என்பது ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஆஸ்திரியாவின் ஊடாக ஓடும் ஆறு. மைதிலி அனுப்பிய படத்தில் பச்சைத் தண்ணீர், ஓரமாக ஒரு பாதை, பின்னால் பனி.

சுமதி கடைசியாக சைக்கிள் ஓட்டியது திருச்சியில், கல்லூரி நாட்களில். பிறகு கல்யாணம், அல் கோபாரில் ஏழு வருடம், இப்போது துபாய் சத்வா. அல் கோபார் கடற்கரைச் சாலையில் எங்கள் மகள் பழகியபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் இவள்தான். தான் ஏறி ஓட்டியதில்லை. போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. பாதி வழியில் உட்கார்ந்து தங்கையின் பயணத்தையே கெடுத்துவிடுவோமோ என்று பயம்.

“பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள். “ஆனா பக்கத்துல தண்ணி ஓடணும். மெட்ரோ பாலத்துக்கு அடியிலெல்லாம் ஓட்ட மாட்டேன்.”

அமீரகத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வாதி உண்டு, மழை பெய்தால் மட்டும் ஆறாக மாறும் கல் படுகை. நல்ல வேளையாக அந்தப் புதன்கிழமை மலைப்பக்கம் மழை பெய்தது. மலையடிவார ஊரான ஹத்தாவில் வாதி ஓடுகிறது என்று அலுவலக நண்பர் படம் அனுப்பினார். மழை விட்டு இரண்டு நாள் கழிந்து, வானம் வெளுத்த பிறகு கிளம்பினோம்.

ஜனவரி 17, சனி, காலை 6.15. சத்வாவிலிருந்து காரில் புறப்பட்டோம். மலீஹா வரை மணல். முனையி தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பழுப்பு மலைகள் எழுந்து நின்றன. ஹத்தாவில் வண்டியை நிறுத்தியபோது மீட்டர் 138 கிலோமீட்டர் காட்டியது. கதவைத் திறந்ததும் குளிர். சுமதி குழந்தைபோல வாயால் ஊதி ஆவி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது!

8.30. வாடகை சைக்கிள் கடை. ஒரு சைக்கிளுக்கு அரை நாள் வாடகை, தலைக்கவசத்தோடு, 80 திர்ஹம். கடைக்காரர் ரஷீத் மலப்புறத்துக்காரர். வாதியோரம் போகும் பாதையைக் காட்டினார்: ஒன்பது கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பலாம்.

“மேடு இருக்குமா?” என்று சுமதி கேட்டாள்.

“ஏய், இல்ல சேச்சி. முழுக்க ஃப்ளாட்டு.”

நாலு தடவை காலை ஊன்றினாள். ஐந்தாவது தடவை சைக்கிள் ஓடியது. “ஏங்க, வருது! வருதுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் பேரீச்சைத் தோப்பிலிருந்து புறாக்கள் கிளம்பின. வளைவு திரும்பியதும் தண்ணீர் தெரிந்தது. வெள்ளைக் கற்களுக்கு நடுவே முழங்கால் ஆழம் இருக்கும். கண்ணாடிபோல, சலசலவென்று, நிஜமான ஆறாகவே ஓடியது. சுமதி தண்ணீரைப் பார்த்தபடியே மிதித்தாள். எதிரே வெள்ளை பிக்கப் ஒன்று நேராக அவளை நோக்கி வந்தது.

நான் கத்தினேன். அவள் சரளைக்குள் திருப்பி, சாய்ந்து, எப்படியோ விழாமல் நின்றாள். பிக்கப்பும் நின்றது. வெள்ளைத் தாடி வைத்த பட்டான் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

“அரே பஹன், ரைட் சைடு! ரைட்! யே இண்டியா நஹி ஹை!” இது இந்தியா இல்லை என்கிறார்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் சாலையின் இடது ஓரமாகவே வந்திருக்கிறாள். இங்கே எல்லாமே வலப்பக்கம். இத்தனை வருடம் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் சைக்கிளில் ஏறியதும் உடம்பு திருச்சிக்குப் போய்விட்டது.

சுமதி சைக்கிளை விட்டு இறங்கினாள். “அங்கயும் வலப்பக்கம்தானே? மைதிலிகிட்ட முடியாதுன்னு சொல்லிடட்டுமா?”

“காலுக்கு ஒண்ணும் இல்ல, மூச்சும் வாங்கல. பக்கம்தான் மாறுது,” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “கல்ஃப் லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு எனக்கு! என்னையே பாத்து ஓட்டு.”

அவள் பின்னலிலிருந்து சிவப்பு ஹேர்பேண்டை உருவி வலது கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். “இது இருக்கிற பக்கம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினாள்.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ரஷீத் சொன்ன சமதளம் மூன்றாவது கிலோமீட்டரிலேயே முடிந்தது. மேட்டில் நான் இறங்கித் தள்ளினேன். அவள் கியரைக் கடகடவென்று மாற்றி ஏறிவிட்டாள். 10.40க்குப் பாதை முடியும் இடத்தை நான் அடைந்தபோது, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவில் தக்காளி சாதம், சிப்ஸ். குட்டி மீன்கள் அவள் விரலைக் கொத்தின. “மருந்துக்குக் கூட வலி இல்லீங்க,” என்றாள், முழங்காலைத் தட்டிக்காட்டி.

11.30. திரும்பும் பயணம். இறக்கம் என்பதால் நான் உற்சாகமாக முன்னால் பாய்ந்தேன். காற்று காதில் இரைந்தது. பாட்டுகூட வந்தது. வளைவில் ஹாரன். அதே வெள்ளை பிக்கப், அதே வெள்ளைத் தாடி. நான் இருந்தது சாலையின் இடது ஓரம்.

ஓட்டுநர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வானத்தைப் பார்த்தார். “அரே பாய்… ஆப் பீ?”

நீங்களுமா என்கிறார். பின்னால் வந்து நின்ற சுமதி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைத் துழாவி ஒரு நீல ஹேர்பேண்டை எடுத்தாள். “லைசென்ஸ்காரரே, கைய எடுங்க,” என்று என் வலது கைப்பிடியில் கட்டிவிட்டாள். மிச்ச தூரம் முழுக்க அவள் முன்னால், நான் பின்னால்.

சைக்கிள்களைத் திரும்பக் கொடுக்கும்போது, ரஷீத் நீல ஹேர்பேண்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

வீடு வரும்வரைகூட அவளுக்குப் பொறுமை இல்லை. கார் முனையி தாண்டியதும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தாள்: “நான் வர்றேன். மாமாவும் வர்றார். அவர் எனக்குப் பின்னாலதான் ஓட்டுவார்.”

பதினெட்டு கிலோமீட்டர் சரிபார்த்தாயிற்று. முழங்கால் சரிபார்த்தாயிற்று. ஆஸ்திரியாவிலும் வலப்பக்கம்தான் என்பதையும் அன்றிரவே உறுதி செய்துகொண்டேன். இன் நதியோரப் பாதை முழுக்கச் சமதளம் என்று மைதிலி எழுதியிருப்பது மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. ரஷீத்தும் அப்படித்தான் சொன்னார்.