அரை விநாடியில் பூந்தமல்லி சந்தை

சந்தையை அதன் ஓட்டத்தோடு படம் பிடித்துக் காட்டுகிறேன் என்று, ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பரிடம் வீம்பு பேசிவிட்டேன். ஆடிய படம் கெட்ட படம் என்பது அவர் கட்சி. யுத்த காலத்தில் பிலிம் குதிரைக் கொம்பு. என்னிடம் இருந்ததே ஒரு சுருள், எட்டுப் படம். அதை எடுத்துக்கொண்டு சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டேன்.

சென்ட்ரலிலிருந்து பதின்மூன்று மைல். காலை ஐந்தரைக்கு, பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில் ஓடும் கரி பஸ், கட்டணம் நாலணா. கரையான்சாவடியில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. "எறங்கி ஒரு தள்ளு தள்ளு நைனா, ஊரு வந்துடும்" என்றார் டிரைவர். தள்ளினோம். ஏழு மணிக்குச் சந்தை.

மூன்றுகால் ஸ்டாண்டை நிறுத்தி, ஷட்டரை அரை விநாடிக்குத் திருப்பினேன். அதற்குள் நடப்பவர்கள் நிழலாகக் கரைவார்கள். எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் எதிரே கூடை வைத்திருந்த பூக்காரி கன்னியம்மா பார்த்துவிட்டாள். "போட்டோ புடிக்கிறாரு, ஆரும் ஆடாதீங்க" என்று குரல் கொடுத்தாள். கத்தரிக்காய்க்காரர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு விறைத்தார். தூக்கிய தராசு தூக்கியபடியே நின்றது. வேலையைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். வேலை பார்ப்பதுபோல் நின்றார்கள். உபகாரமாக நினைத்து ஏழு படத்தையும் பாழாக்கினார்கள்.

எரிச்சலை விழுங்கிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே இரண்டு முழம் மல்லி கேட்டேன். படம் முடிந்தது என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள். சந்தை மறுபடி இரைந்தது. கன்னியம்மா கூடை விளிம்பில் முழங்கையை ஊன்றிப் பூவை அளந்தாள். முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த ஷட்டர் கேபிளை அழுத்தினேன்.

"மூஞ்சியே இல்லையே" என்றார், படத்தைக் கழுவிப் பார்த்த ஸ்டூடியோ நண்பர். அடுத்த வெள்ளி அந்தப் படத்தைக் கன்னியம்மாவிடம் கொண்டுபோனேன். அவளும் அப்படியே சொன்னால் காமிராவைக் கட்டி வைத்துவிடுவதாக இருந்தேன். ஊன்றிய முழங்கையும் அதில் தொங்கிய பூ நுனியும் மட்டுமே தெளிவு. கை ஒரு வெள்ளை வீச்சு, கூட்டம் வெறும் புகை.

நெடுநேரம் பார்த்தாள். "இது நாந்தான்."

"எப்படித் தெரிகிறது?"

"பூவு மொழங்கையத் தாண்டி ரெண்டு விரக்கட தொங்குது பாரு. அப்புடி அளக்கிறவ இந்தச் சந்தையில வேற ஆரு கீறா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒளிப்பானேன்?

போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் அரை விநாடி வெளிச்சத்தைப் பிலிம் தாங்காது. முதலில் பூ வாங்குங்கள், பிறகு படம். என் படத்தைத் தேட வேண்டியதில்லை. கன்னியம்மாவின் கூடைக்கு மேலே தொங்குகிறது. அளவில் சந்தேகப்படுபவர்களை அதைப் பார்க்கச் சொல்கிறாள்.