நூறு கிலோ பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் அவசரத்துக்கு மிதிப்பதற்காக வைத்தது அது. மாஸ்டர் அதை அவசரத்துக்கு மட்டும் மிதித்தவர் அல்ல. வண்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே டபக்கென்று மிதிப்பார். ஓட்டுகிற பிள்ளை ஸ்டியரிங்கில் போய் முட்டி, வெலவெலத்துத் திரும்பிப் பார்க்கும்.

“நாய் குறுக்க வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“நாய் எதுவும் வரலையே சார்.”

“வரல. வந்திருந்தா?”

“உன் லைசென்ஸ்ல உன் மூஞ்சிக்குப் பதிலா என் காலைப் படம் புடிச்சு ஒட்டணும்” என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். சிரித்த முகமாகத்தான் சொல்வார். அதனால் அழுதுகொண்டு இறங்கிப் போனவர்கள்கூட, மாஸ்டர் நல்லவர்தான், நமக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த பிரேக்கை அவர் மனைவிக்கு எல்லோருக்கும் முன்பே தெரியும். கல்யாணமான மறு வருஷம் அவளுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் ஒரே தெருவில் பதினோரு முறை மிதித்தார். பன்னிரண்டாவது முறை அவள் கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். அவர் பின்னாலேயே மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார், தெரு முழுக்க ஹாரன் அடித்தபடி. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவள் பஸ்ஸில்தான் போனாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி அறையில். மதியம் இரண்டு மணிக்குப் போனால் இரவு ஒன்பது வரை சலவையிலிருந்து வரும் விரிப்புகளை மடித்து, வார்டுவாரியாக அடுக்க வேண்டும். ஆள் சிறியவள். நாற்பத்து மூன்று கிலோ. அதிகம் பேசமாட்டாள், ஆனால் யார் எந்த அலமாரியில் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மாஸ்டர் வீட்டு முன்னறையில் ரேஸ் ஓட்டும் அமைப்பு ஒன்றை வைத்திருந்தார். மரச்சட்டத்தில் பழைய கார் சீட், எதிரே பெரிய திரை, ஸ்டியரிங், கீழே பெடல்கள். கம்ப்யூட்டரில் ரேஸ் மைதானம் ஓடும். மிதிக்கிற மிதிக்கு வண்டி சீறும், நிற்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில்தான் கிடப்பார். அவர் ஏழு மணிக்குக் கிளம்பிய பிறகு அதைத் துடைத்து வைப்பது அவள் வேலை. ஒருநாள் துடைக்கப்போனவள் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்ததும்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தக் காருக்குப் பக்கத்து சீட்டே இல்லை.

அன்று ஆரம்பித்தது இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ‘நத்தை’ என்று ஒரு பெயரைத் தனியாகப் பதிந்துகொண்டாள். இணையத்தில் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு கூட்டம் சேர்ந்து ரேஸ் விடும். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். எல்லோரும் ‘பெரியப்பா’ என்பார்கள். ‘வாத்து’, ‘பல்டி’ என்று மற்றவர்களுக்கும் பட்டப்பெயர்கள்தான். அவர்கள் மைக்கில் வாய் ஓயாமல் பேசுவார்கள். அவள் கேட்டுக்கொண்டே ஓட்டுவாள், பதில் சொல்ல வேண்டியிருந்தால் ரேஸ் முடிந்த பிறகு எழுத்தில் தட்டிவிடுவாள். நத்தை ஓர் ஆண் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

“நத்தை அண்ணே, நீங்க பிரேக் போடுற அழகை மட்டும் நான் உக்காந்து பார்த்துட்டே இருப்பேன்” என்றான் வாத்து ஒருமுறை. அதைக் கேட்ட அன்று துணி அறையில் அவள் நூற்றுப்பத்து விரிப்புகளைத் தனியாளாக மடித்தாள். அலுப்பே தெரியவில்லை.

இந்த முறை பத்து வாரப் போட்டி. கடைசி வியாழக்கிழமை ரேஸில் முதல் ஐந்து இடத்துக்குள் வருகிறவர்களுக்கு மேல் பிரிவில் இடம். எட்டாவதோடு நின்றவளுக்கு அதற்குப் பிறகு எதிலும் மேலே போன அனுபவம் இல்லை. அந்த ஐந்தாவது இடம் அவளுக்கு வேண்டும் என்பது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வேண்டும்.

கடைசி ரேஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு தப்பு நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவசரத்தில் பெயரை மாற்ற மறந்து, மாஸ்டரின் பெயரிலேயே ஓட்டிவிட்டாள். மைதானத்தை ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு விநாடியில் சுற்றியதாகப் பட்டியலின் உச்சியில் அது ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாஸ்டர் அன்று சாயங்காலமே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தான் ஓட்டிய ஏதோ ஒரு சுற்று என்று நினைத்துக்கொண்டார். மனிதன் தன்னைப் பற்றி நல்லதாக எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறான். படம் எடுத்து மற்ற டிரைவிங் மாஸ்டர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர்கள் சனிக்கிழமை இரவு, அவள் வேலை முடிந்து வந்த நேரத்தில், மூன்று பேராக வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“எங்க, நம்ம கண்ணு முன்னால ஒரு தடவை காட்டுங்க மாஸ்டர்.”

பதினோரு சுற்று ஓட்டினார். நாற்பத்தெட்டு என்ன, ஐம்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் குண்டு மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: “அந்தப் போட்டோ எடுத்த அன்னிக்கு சீட்டுல யாரை உக்கார வெச்சிருந்தீங்க?”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. மாஸ்டரும் சிரித்தார். அவர்கள் போன பிறகு பட்டியலைத் திரும்பத் திறந்து பார்த்தார். பொடி எழுத்தில் நாளும் நேரமும் இருந்தன. செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. அந்த நேரத்தில் அவர் ரோட்டில் இருந்தார். பட்டியலைக் கீழே தள்ளினார். நத்தை, நத்தை, நத்தை என்று அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது, எல்லாம் அவர் வீட்டில் இல்லாத காலை நேரங்கள்.

டீ டம்ளர்களை எடுக்க வந்தவள் தட்டோடு நின்றாள். அவர் எதைப் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். திரையை அணைத்தார்.

மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டே, “பெடல் பழசாயிடுச்சு. கடைக்குப் போறேன், நீயும் வா” என்றார்.

“நான் எதுக்குங்க?”

“உனக்குத் தெரியாததா? வா, உனக்கு எது செட் ஆகுதுன்னும் பார்க்கணுமில்ல.”

வழியெல்லாம் அவளுக்குப் பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனாள். தன் காலடியில் இருந்த அந்த இரண்டாவது பிரேக்கில் பட்டுவிடாமல் கால்களை ஒடுக்கி வைத்துக்கொண்டாள்.

கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும், விளக்கிச் சொல்வதில் ஆசையுள்ள ஆள். மூன்று பெடல்களைத் தரையில் வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தார்.

“இது சாதா ஸ்பிரிங். கால் எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்க்கும். இந்த ரெண்டாவது அப்படியில்ல, எவ்வளவு பலமா அழுத்துறீங்கன்னு பார்க்கும். உள்ள ரப்பர் இருக்கு, சாஃப்ட்டா இருக்கும். மூணாவதும் அதே டைப்தான், ஆனா ரப்பர் கெட்டி. நூறு கிலோ பலம் குடுத்தாத்தான் முழு பிரேக் விழும். நெஜ ரேஸ் கார் மாதிரி.”

“நீ உக்காரு முதல்ல” என்றார் மாஸ்டர் அவளிடம்.

உட்கார்ந்தாள். எதிரே திரையில் ஒரு சிவப்புக் கோடு, மிதிக்க மிதிக்க உயர்ந்தது. முதல் பெடலில் நூறைத் தொட்டது, அதாவது முழு பிரேக். இரண்டாவதிலும், கொஞ்சம் பல்லைக் கடித்தபோது, தொட்டது. அந்தப் பெடல் காலோடு பேசுவது போலிருந்தது. எவ்வளவு கேட்டாளோ அவ்வளவு கொடுத்தது. அவளையும் மீறி முகம் மலர்ந்துவிட்டது.

“நல்லாருக்கா?” என்றார் மாஸ்டர். அத்தனை பரிவாக அவர் கேட்டு அவள் பார்த்ததில்லை.

“ரொம்ப நல்லாருக்குங்க.”

“மூணாவதையும் மிதிச்சுப் பாரு.”

மிதித்தாள். கோடு முப்பத்தெட்டில் நின்றது.

“முழுசா அழுத்து.”

“முழுசாத்தாங்க அழுத்துறேன்.”

“சீட்டைப் புடிச்சுக்கிட்டு அழுத்து. இன்னும். இன்னும் கொஞ்சம்.”

நாற்பத்தொன்று. தொடை நடுங்கியது. அவர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு அளவு எடுக்கிற தையல்காரர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

“அக்காவுக்கு ரெண்டாவதுதான் சார் கரெக்ட்” என்றார் கடைக்காரர்.

“கண்ணால பார்த்தேனே” என்றார் மாஸ்டர். “மூணாவதைக் கட்டிடுங்க.”

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், “பரவால்ல சார். இதுக்கும் சாஃப்ட் ரப்பர் ரெண்டு கூடவே வரும். அக்கா ஓட்டும்போது மாத்திக்கலாம்” என்றார்.

“அது எனக்கு வேணாம். நீங்களே வெச்சுக்குங்க.”

“ஃபோன்ல ஒரு ஆப் இருக்கு சார், எத்தனை கிலோவுக்கு முழு பிரேக்குங்கிறதை அதுலயும் குறைச்சுக்கலாம்.”

“என் ஃபோன்ல போட்டுக் குடுங்க, நான் பார்த்துக்கறேன். பழைய பெடல் டிக்கியில இருக்கு, அதை நீங்க எடுத்துக்குங்க.”

அவள் இன்னும் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானமே பெடலைப் பொருத்திவிட்டார். பொருத்தி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நான் எதையும் பூட்டி வைக்கிற ஆள் இல்ல. எப்ப வேணாலும் உக்காரு, எப்ப வேணாலும் ஓட்டு.”

பூட்டியிருந்தால் அவள் விட்டிருப்பாள். திறந்து வைத்ததுதான் அவளை இழுத்தது. திங்கள் காலை அவர் தலை மறைந்ததும் உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதியது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்தாள். உடம்புதான் பின்னால் எழும்பியது. துணி அறையில் கழித்துப்போட்ட கிழிந்த விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, செவ்வாயன்று இடுப்பைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முதுகுக்கு இரண்டு தலையணை. இப்போது ஐம்பதைத் தொட்டது. எல்லோரும் மிதிக்கும் இடத்துக்கு வெகு முன்பே மிதிக்கப் பழகினாள். புதனன்று பத்துச் சுற்றை மோதாமல் முடித்தாள்.

துணி அறையில் அலமாரி ஏணியில் ஏறும்போது கால் வெடவெடத்தது. “என்னடி, குதிரை ஏறப் பழகுறியா?” என்றாள் மேற்பார்வைக்காரி. “வயசான காலத்துல” என்றும் சேர்த்துக்கொண்டாள். மற்றவர்கள் விரிப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசி ரேஸ் இருபது சுற்று. அவளால் முடிந்தது பத்து. வியாழக்கிழமை அவள் கணக்கெல்லாம் போடவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பின்னாலிருந்து கிளம்பி எட்டாவது சுற்றில் ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டாள். “அண்ணே இன்னிக்கு என்ன, நூறடி முன்னாலேயே பிரேக் போடுறாரு?” என்றான் பல்டி. “வயசாயிடுச்சுப்பா” என்றான் வாத்து. அவன்தான் அவளுக்கு முன்னால் நான்காவதாகப் போய்க்கொண்டிருந்தான். பன்னிரண்டில் வலது காலில் உணர்வு போனது. பதிமூன்றில் இடது காலை மேலே வைத்து அழுத்தினாள். பதினான்காவது சுற்றில், இறக்கத்து வளைவில், அவள் மிதித்தாள். அவள் அறிந்தவரை முழு பலத்தோடு மிதித்தாள். கோடு முப்பதில் நின்றது. வண்டி வாத்தின் முதுகில் போய் இடித்து, இரண்டும் உருண்டு மண்ணுக்குள் போயின.

“என்ன மயித்துக்குண்ணே இப்படி வந்து ஏத்துறீங்க? பத்து வாரமா ஓட்டினதெல்லாம் போச்சு” என்று கத்தினான் வாத்து.

எழுத்தில் தட்டிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமையில்லை. முதல்முறையாக மைக்கைத் திறந்தாள்.

“மன்னிச்சுக்குங்க. கால் வரல.”

பெரியப்பாதான் முதலில் பேசினார்.

“யாரும்மா நீ? நத்தை வீட்டுக்காரம்மாவா?”

“இல்லைங்க, நான்தான்...”

“அதான் பார்த்தேன்” என்றான் பல்டி. “அண்ணன் இந்த மாதிரி இடிக்கிற ஆளே இல்லையே. அவரு சீட்டுல ஏன்க்கா நீங்க போய் உக்காந்தீங்க?”

“இல்ல, எப்பவுமே நான்தான் ஓட்டுறது.”

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “சரிம்மா, பரவால்ல. அடுத்த ஆளை இடிச்சா நீக்கணும்னு விதி, அதை மாத்த முடியாது. அண்ணன் வந்தா பெரியப்பா பேசச் சொன்னாருன்னு சொல்லு. பாவம், இத்தனை வாரம் உழைச்ச மனுஷன்.”

பிறகு அவள் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. இடுப்பு முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்க வெகு நேரமானது.

ஒரு மணிக்கு மாஸ்டர் வந்தார். வேலை நாளில் மத்தியானம் வீட்டுக்கு வருகிறவர் அல்ல. அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“பதிமூணு ரவுண்டு வரைக்கும் நல்லாத்தான் போச்சு” என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

“ஃபோன்ல ரேஸைப் பார்த்துட்டுதான் இருந்தேன். யார் வேணாலும் பார்க்கலாமே. ஸ்டூடன்ட் ஒருத்தன் பக்கத்துல இருந்தான். பிரேக் எப்படிப் போடக் கூடாதுன்னு அவனுக்கும் காட்டினேன்.” சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். “எங்க வலிக்குது?”

அவர் கெண்டைக்காலில் விரலை நகர்த்திக்கொண்டே வந்து, சரியாக அந்த இடத்தில் கட்டை விரலை ஊன்றினார்.

“இங்கதானே?”

“ம்.”

“இந்த உடம்பை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இதெல்லாம்?” மெதுவாக, பதமாகத் தேய்த்தார். “அதுக்காக ஓட்டாதேன்னு நான் சொல்லல. நாளைக்கும் உக்காரு. யாரு தடுத்தா?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்றாள் அவள்.

“நான் கொண்டுபோய் விடறேன். அந்தக் காலை நீட்டு.”

அவள் நீட்டினாள்.