வழிமறித்த நெல்லும் என் பி.ஏ. வரலாறும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குறுவை அறுவடை நேரம். தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் கைடு வேலைக்கு என்னைச் சோதித்துப் பார்த்த நாள் அது.

திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. படித்தது பி.ஏ. வரலாறு. எங்கள் தெருவில் வரலாறு எடுத்த முதல் ஆள் நான்தான். கடைசி ஆளும் நானாகத்தான் இருப்பேன் என்பார் பெரியப்பா. அவர் பையன் இன்ஜினியர். "ராஜா ராணி கதைய படிச்சா எவன் வேலை குடுப்பான்?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். அப்பா மட்டும் என் பக்கம் நின்றார். படித்து முடித்து ஒரு வருடமாகியும் வேலை அமையாததில் அவரும் கொஞ்சம் ஆடிப்போயிருந்தார். இந்த வேலையும் இல்லையென்றால், பெரியப்பா பேசி வைத்திருந்த ஜவுளிக்கடை பில் கவுண்டருக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. பில் போடுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் பெரியப்பா சொன்னது சரி என்று ஆகிவிடுமே! அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை வேனில் அழைத்துப் போக வேண்டும். முதலாளியம்மா கடைசி சீட்டில் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டு வருவார். இதுதான் சோதனை.

பெரிய கோயிலில் சொதப்பினேன். மனப்பாடம் செய்த விவரங்களை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கோபுரத்தின் உயரத்தைச் சொன்னதும், அந்தக் குடும்பத்து அக்கா ஒருவர், "நெட்ல வேற மாதிரி போட்டிருக்கே" என்று போனை நீட்டினார். அதற்குப் பிறகு எல்லாமே குழறியது. முதலாளியம்மா நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அங்கிருந்து வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். திருவாரூர் தாண்டி ஒரு கிராமத்தில் வண்டி நின்றுவிட்டது. பாதி ரோட்டில் காயப்போட்ட நெல். மீதிப் பாதியில் அதை ஏற்ற வந்த டிராக்டர். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நெல்லைக் குவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, மழ வர்றதுக்குள்ள அள்ளிடுறோம். மேல ஏத்திடாதீங்க" என்று எங்கள் டிரைவரிடம் கெஞ்சினார்.

வேனுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. "ஏம்மா, பொது ரோட்ட இப்படி அடைச்சு வச்சிருக்காங்களே, யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

இதற்கு மனப்பாடம் எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, பேச்சு தானாக வந்தது. நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், குறுவை அறுவடை மழையோடுதான் வரும், காயப்போட இவர்களுக்குக் களம் கிடையாது, ரோடுதான் களம் என்று சொன்னேன்.

பெரியவர் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, நெல் அள்ளுகிறவர்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எங்க தாத்தா இந்தப் பக்கத்து ஆளுதான். வயல் வேலை பாத்தவராம். எந்த ஊருன்னு தெரியல. இவ்வளவு நெல்லு விளையிற மண்ண விட்டுட்டு அவரு ஏன் கப்பல் ஏறினாரு?"

கல்லூரி மூன்றாம் வருடத்தில் நான் செய்த ப்ராஜெக்டே, இங்கிருந்து மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர்களைப் பற்றியதுதான். தலைப்பைக் கேட்டுவிட்டு வகுப்பில் சிரித்தார்கள்.

"நெல்லு நெறைய வெளஞ்சுதுங்க ஐயா. வெளைய வச்சவங்களுக்குத்தான் ஒரு குழி நிலம்கூட இல்ல" என்று ஆரம்பித்தேன். ஊர் ஊராக ஆள் சேர்க்க வந்த கங்காணிகள், நாகப்பட்டினத்துக் கப்பல், ரப்பர் தோட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "எங்க பூட்டன் போகலங்க. இங்கயே பண்ணையில கெடந்தாரு. உங்க தாத்தா துணிஞ்சு போயிட்டாரு. அவ்ளோதான் வித்தியாசம்" என்றேன்.

பெரியவர் கதவைத் திறந்து இறங்கினார். மகள் "அப்பா, முட்டி வலி!" என்று கத்தியதைக் காதில் வாங்காமல், குனிந்து இரண்டு கையாலும் நெல்லைத் தள்ள ஆரம்பித்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினோம், முதலாளியம்மா உட்பட. மூட்டை ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடித்த பிறகுதான் மழை பிடித்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கே உயிர் வந்தது போல இருந்தது.

வேளாங்கண்ணியில் டீ குடிக்கும்போது முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோபுரத்து உயரத்த அவங்களே நெட்ல பாத்துக்குவாங்கம்மா. அந்தப் பெரியவர் கேட்டதுக்கு நெட்ல பதில் இருக்காது. ஒண்ணாந்தேதி வேலைக்கு வந்துடு."

அப்பாவுக்குப் போன் செய்தேன். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அப்பா, "சாப்பிட்டியாம்மா?" என்றார். ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது. கடற்கரைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

அந்தப் பெரியவரின் தாத்தா எந்த ஊரிலிருந்து போனார் என்பதை என்னால் கண்டுபிடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அப்படி ஒருவர் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பதில் தேட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாக இருப்பதுதான் என் வேலை என்று நினைக்கும்போது இன்றும் மனசு லேசாகிவிடுகிறது.